மாத்திரை விழுங்கியவர் பசித்திருக்கலாமா?

 

 

சர்க்கரை வியாதி என்றதும் நம்மில் பெரும்பாலோர் அஞ்சுவது சர்க்கரை ஏறிப் போவதைத்தான். கல்யாண வீட்டில் ஒரு கரண்டி ஜர்தா சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே மனிதர் மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு மணி நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்; அதைப் பற்றிச் சிறிதும் கவலைப்பட மாட்டார். ஏறிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்க வருஷங்கள் ஆகும். இறங்கிய சர்க்கரைக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. லுஹருக்கு நின்றவர் அஸருக்குள் ஆஸ்பத்திரியில் கிடப்பார். இந்த மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே. ரமழான் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டிய விஷயம் என்பதாலும் எடுத்துக்கொண்டோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை வியாதியுள்ளோர் 10 கோடிக்கும் மேல் என்று அது கணக்குச் சொன்னது. இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்ற பேச்சு எப்போதோ பொய்யாகிவிட்டது. ஏர் பிடித்தவர் வீட்டிலும் இருக்கிறது, தறி நெய்தவர் வீட்டிலும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் மாதம் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! அந்தப் பெண் ஊழியர்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஆனால் மாத்திரை அட்டை வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் போதுமா? அதை எப்போது விழுங்குவது, விழுங்கியபின் எவ்வளவு நேரத்தில் சாப்பிடுவது என்பதும் கூடவே வர வேண்டாமா?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்கு அப்பால் பாலாற்றங்கரையில் பழையசீவரம் இருக்கிறது. ஆற்றின் அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் என்பதால் அந்தப் பெயர். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே 15 நோயாளிகள் படுத்திருக்கத்தக்க ஓர் ஆஸ்பத்திரி நடந்ததையும், அதற்கு வைத்தியரும், அறுவை செய்பவரும், மருந்து மூலிகை கொண்டு வருவோரும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களும் நியமிக்கப்பட்டிருந்ததையும் அது விவரமாகச் சொல்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. நம் கவனத்தை ஈர்த்தது இன்னொன்று. மருந்துகளைச் சொன்ன அதே கல்லில், படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி என்று உணவுக்கும் கணக்கு வெட்டியிருக்கிறார்கள். மருந்து கொடுத்தவன் சோற்றுக்கும் வழி செய்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்த இந்தச் சங்கதியை இன்று நாம் ஏன் பிரித்துப் போட்டோம்?

சரி, மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது? இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றது எளிதாக விளங்கும்.

சர்க்கரைக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. மெட்ஃபார்மின் என்றொரு மாத்திரை உண்டு. அநேகமாக எல்லார் வீட்டிலும் இருப்பது. அது கல்லீரல் சர்க்கரையை அளவுக்கு மீறி வெளியே விடாமல் தடுக்கிறது. தனியாக அதை மட்டும் உட்கொள்வோருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. வயிற்றைப் புரட்டாமலிருக்க அதைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மற்றொரு ஜாதி, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிகிளசைடு என்று 'கிளி'யில் தொடங்கும் மாத்திரைகள். இவை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. வயிற்றில் சோறு விழுந்ததா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை. விழுங்கியாயிற்றா, வேலையைத் தொடங்கிவிடும். ஆகவேதான் இவற்றைச் சாப்பாட்டுக்குச் சற்று முன் எடுக்கச் சொல்கிறார்கள். சிலவற்றுக்கு அரை மணி நேரம் முன், சிலவற்றுக்கு முதல் கவளத்தோடு. இப்போது இரண்டு ஜாதியையும் ஒரே மாத்திரையில் சேர்த்தும் விற்கிறார்கள். அதனால் 'நான் மெட்ஃபார்மின்தானே போடுகிறேன்' என்று இருந்துவிடாமல், அட்டையின் பின்புறத்தை ஒருமுறை படித்த பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இரண்டாவது ஜாதி கண்டுபிடிக்கப்பட்ட கதையே நமக்கு எச்சரிக்கை. 1942ஆம் ஆண்டு, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். பிரான்ஸ் தேசத்தில் மான்பெலியே நகரத்து ஆஸ்பத்திரியில் மார்செல் ஜான்போன் என்ற டாக்டர், டைபாய்டு காய்ச்சலுக்காகப் புதிய சல்ஃபா மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல்காரர்கள் சிலருக்கு வலிப்பு வந்தது, மயக்கம் வந்தது, சிலர் உயிரும் இழந்தனர். காரணம் தேடியபோது அவர்கள் ரத்தத்தில் சர்க்கரை படுவேகமாக இறங்கியிருந்தது தெரிந்தது. அதே நகரத்தைச் சேர்ந்த லூபாதியே என்பவர் இதை மேலும் ஆராய்ந்து, இந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று நிலைநாட்டினார். சர்க்கரையைத் தாழ்த்திக் கொன்ற மருந்தின் வழியில் பிறந்தவையே இன்று நாம் தண்ணீரில் விழுங்கும் மாத்திரைகள். சரியாகப் பயன்படுத்தினால் கோடிக்கணக்கானவர்களுக்கு நன்மை. சோற்றைப் பிரித்துவிட்டால் பழைய குணம் தலைகாட்டும்.

இனி நம் ஊர்ப்பக்கம் நடப்பதைப் பார்ப்போம்.

ஒரு ஜும்ஆ நாள். ஒரு பெரியவர் வீட்டில் பன்னிரண்டேகாலுக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'தொழுதுவிட்டு வந்து சாப்பிடலாம்' என்று பள்ளிக்கு வந்துவிட்டார். அன்றைக்குத் தமிழ் பயான் நீண்டது. தொழுகை முடிந்து ஒரு ஜனாஸாத் தொழுகையும் இருந்தது. பெரியவரின் சட்டை முதுகோடு ஒட்டுமளவுக்கு வியர்வை. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார், இவர் சம்பந்தமில்லாமல் கோபமாகப் பதில் சொன்னார். 'புழுக்கம் தாங்கவில்லை' என்றார் ஒருவர். 'கண்ணேறு பட்டிருக்கும், ஓதி ஊதுங்கள்' என்றார் மற்றொருவர். லாரி ஓட்டும் வாலிபர் ஒருவர் மட்டும் குனிந்து, "மாமா, சுகர் மாத்திரை போட்டுட்டா வந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் எதிர்க்கடையில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டு வந்து குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் பெரியவர் தெளிந்துவிட்டார். பிறகு அவர் நம்மிடம் சொன்னார்: "எனக்கு முன்னாலேயே கை நடுங்கியது ஹஜ்ரத். பள்ளிவாசலில் உட்கார்ந்து எதையாவது வாயில் போடுவதா என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்."

வெட்கம்! இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது? நம் ஹனஃபி மத்ஹபில் இஃதிகாஃப் இல்லாதவர் பள்ளியில் உண்பது மக்ரூஹ் என்று படித்திருக்கிறோம். நஃபிலான இஃதிகாஃபுக்கு நிய்யத்து வைத்துக்கொண்டால் அந்தத் தடையும் நீங்கிவிடுகிறது. இது சாதாரண நேரத்துச் சட்டம். உயிருக்கு ஆபத்து என்னும்போது நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார்கள் தெரியுமா? கண் தெரியாதவர் கிணற்றில் விழப் போவதைத் தொழுது கொண்டிருப்பவர் கண்டால், தொழுகையை முறித்துவிட்டு அவரைக் காக்க வேண்டும் என்கிறார்கள். தொழுகையையே முறிக்கச் சொன்னவர்கள், சட்டைப் பையிலுள்ள வெல்லக் கட்டியை வாயில் போடுவதையா தடுப்பார்கள்?

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. இரவு உணவு முன்னே வைக்கப்பட்டு, தொழுகைக்கும் இகாமத் சொல்லப்பட்டால் முதலில் உணவை உண்ணும்படி நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் வந்திருக்கிறது. சுன்னத்தைப் பின்பற்றுவதில் அணு அளவும் பிசகாத இப்னு உமர் (ரலி) அவர்கள் இதை அப்படியே செய்து காட்டினார்கள். அவர்கள் முன் உணவு இருக்கும், அங்கே ஜமாஅத் நடந்துகொண்டிருக்கும், இமாமின் கிராஅத் காதில் விழும். உண்டு முடிக்காமல் அவர்கள் எழமாட்டார்கள். இதற்கு உலமாக்கள் சொன்ன காரணம், பசித்தவனின் மனம் தொழுகையில் நிற்காது என்பது. வெறும் பசிக்கே இந்தச் சலுகை என்றால், மாத்திரையை விழுங்கி சர்க்கரை இறங்கிக்கொண்டிருப்பவருக்கு என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள்! ஜும்ஆ நாளில் ஒன்று, பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டு மாத்திரையோடு முடித்து வாருங்கள். அல்லது டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வீடு திரும்பித் தட்டில் சோறு விழுந்தபின் மாத்திரையைத் தொடுங்கள்.

நிக்காஹ் விருந்துகளும் இதே கதைதான். பதினொரு மணிக்கு நிக்காஹ் என்று அழைப்பிதழில் இருக்கும். மாப்பிள்ளை வந்து சேரப் பன்னிரண்டரை. துஆ முடிந்து முதல் பந்தி உட்கார ஒன்றரை. பிரியாணி வருகிறதென்று நம்பி வீட்டிலேயே மாத்திரையைப் போட்டு வந்தவர் மூன்றாம் பந்திக்கு நின்றால் அவர் கதி என்ன? மாத்திரை பையிலேயே இருக்கட்டும். இலை போட்டு, உணவு கண்ணெதிரே வந்தபின் விழுங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. பெண் வீட்டாரும் முதல் பந்தியில் முதியவர்களை உட்கார வைத்துவிடலாம். யாருக்கு சர்க்கரை என்று விசாரித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

தாய்மார்களே! உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நம் வீடுகளில் மாத்திரை விழுங்குகிறவர்களில் பாதிப்பேர் நீங்கள்தான். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அத்தாவுக்குக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, மருமகளுக்கு எடுத்து வைத்து, பத்து மணிக்கு ஆறிப்போன இட்லியில் இரண்டைத் தின்னும் தாய்மார்களை நாம் அறிவோம். கடைசியில் உண்பதை நம் சமூகம் ஒரு பெருமையாக ஆக்கி வைத்திருக்கிறது. மார்க்கம் அப்படிக் கேட்கவில்லை. அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு ஸல்மான் (ரலி) அவர்கள் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமைகளை எடுத்துரைத்ததையும், நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது சரி என்றதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த உரிமை பெண்ணின் உடலுக்கும் உண்டு. வீட்டு ஆண்களே, அம்மா மாத்திரையைக் கையில் எடுத்தால் அம்மாவுக்கு முதலில் தட்டு வையுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் தெரியும் அடையாளங்களை எல்லாரும், சிறுபிள்ளைகள் உட்பட, அறிந்திருக்க வேண்டும். திடீர் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தாங்க முடியாத பசி, கண் மங்கல், காரணமில்லாத கோபம், நாக்குக் குழறல், நடை தள்ளாடல். பார்ப்பவர் குடித்துவிட்டாரோ என்றுகூடத் தவறாக நினைப்பார். இரவில் வந்தால் தலையணை நனையுமளவு வியர்வையும் கெட்ட கனவும் இருக்கும். ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுவோருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக் கொடுக்கும். சோதித்துப் பார்க்கக் கருவி இருந்தால் 70க்குக் கீழே என்றால் தாழ்வு, 54க்குக் கீழே என்றால் பெரும் ஆபத்து. கருவி இல்லையென்று காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் பொறுத்துத் தெளிவில்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் சோறோ ரொட்டியோ சாப்பிட வைக்க வேண்டும், சர்க்கரைத் தண்ணீரோடு விட்டுவிடக் கூடாது. அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற மாத்திரைகள் உட்கொள்வோருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் சேராது. அந்த மாத்திரை அதைத் தடுத்து நிறுத்தும். அவர்கள் வீட்டில் மருந்துக் கடையில் விற்கும் குளுகோஸ் பொடி இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள்.

தெளிந்துவிட்டாரே, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கிறார்கள். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையின் வேகம் ஒரு பகலும் இரவும்கூட நிற்கும். சர்க்கரைத் தண்ணீரின் பலம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மறுபடியும் இறங்கும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் மாத்திரை உடம்பை விட்டு வெளியேறத் தாமதமாவதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே 60 வயதைக் கடந்தோருக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று குறிப்பிடுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் அதைப் பல வருஷமாகச் சாப்பிட்டு வந்தால் அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இனி ரமழான்.

2001ஆம் ஆண்டில் 13 நாடுகளில், 12,000க்கும் அதிகமான சர்க்கரை வியாதியஸ்தர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 'எபிடியார்' என்று அதற்குப் பெயர். முதிர்ந்த வயதில் வரும் வகைச் சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நோன்பாவது நோற்றிருந்தனர். சுப்ஹானல்லாஹ், நம் உம்மத்தின் ஈமான் அப்படி! ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு, மற்ற மாதங்களைவிட ரமழானில் அவர்களுக்கு ஏழு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. நோன்பு நோற்றதே இதற்குக் காரணமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ளாமலேயே நோன்பைத் தொடங்கியிருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது.

நம் பகுதியில் நோன்பு நேரம் பருவத்துக்கேற்ப 13, 14 மணி நேரம். மாத்திரையை அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். பொதுவாக டாக்டர்கள் செய்வது, காலையில் எடுக்கும் பெரிய அளவை இஃப்தாருக்கு மாற்றிவிட்டு, இரவு அளவைக் குறைத்து சஹருக்கு வைப்பது. யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது. ரஜப் மாதமே போய்ப் பார்த்துவிட்டால் ஷஃபானில் ஓரிரு சுன்னத்தான நோன்பு வைத்துப் பார்த்துக்கொள்ளவும் அவகாசம் கிடைக்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் அல்லாஹ்வுக்காக விட்டுவிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, பாங்குக்கு ஐந்து நிமிஷம் முன்பு எழுந்து, ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரையை மட்டும் விழுங்கி நிய்யத்துச் செய்யும் பழக்கம். இதைவிட ஆபத்தானது வேறொன்றில்லை. சஹரில் பரக்கத் இருக்கிறது என்று நம் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அதைப் பிற்படுத்துவதும் இஃப்தாரை விரைவுபடுத்துவதும் சுன்னத்து. இந்த இரண்டு சுன்னத்தையும் சர்க்கரைக்காரர் கடைப்பிடித்தாலே பட்டினி நேரம் இரு முனையிலும் குறைந்துவிடுகிறது. சஹருக்கு ரவை, மைதாவை விடக் கேழ்வரகு, கோதுமை, பயறு, முட்டை நீண்ட நேரம் தாங்கும்.

இஃப்தாரிலும் ஒரு தவறு நடக்கிறது. ஒரு பேரீத்தம்பழம், ஒரு மாத்திரை, ஒரு கோப்பைத் தண்ணீர். பிறகு மஃரிபு, பிறகு வந்தவர்களோடு பேச்சு, சாப்பாடு இஷாவுக்குப் பின். மாத்திரையைப் போட்டால் கஞ்சிக் கோப்பையை அதனோடு சேர்த்து முடித்துவிட்டு எழுங்கள். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை போதும். நாலு கோப்பை குடித்து, மேலே வடை, சமோசா, ஷர்பத் என்று ஏற்றினால் அது எதிர்த்திசையில் ஆபத்து. தராவீஹ் 20 ரக்அத்தும் உடம்புக்கு ஓர் உழைப்பே. அதற்குப் போகும்போது பையில் குளுகோஸும் கையில் தண்ணீரும் இருக்கட்டும், கால் தளர்ந்தால் உட்கார்ந்து தொழுங்கள்.

நோன்போடு விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். 1997ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. நம் மத்ஹபிலும் ரத்தம் வெளியேறுவது நோன்பை முறிப்பதில்லை. பார்த்ததில் 70க்குக் கீழே காட்டினால்? அந்த நிமிஷமே நோன்பை விட்டுவிட வேண்டும். மஃரிபுக்கு இன்னும் பத்தே நிமிஷம் இருந்தாலும் சரிதான். 300க்கு மேல் ஏறினாலும் விடச் சொல்கிறார்கள். இப்படி நோயின் அச்சத்தால் விட்டவருக்கு அந்த ஒரு நோன்பின் களா மட்டுமே கடமை, கஃப்பாரா இல்லை.

இங்கேதான் நம் மக்கள் இடறுகிறார்கள். 'இவ்வளவு நேரம் இருந்துவிட்டோமே, இன்னும் கொஞ்ச நேரம்தானே' என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். அதைத் தக்வா என்று எண்ணுகிறார்கள். அல்பகரா அத்தியாயத்தில் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்க வழிவிடுகின்றன, அல்லாஹ் நமக்குச் சிரமத்தை நாடவில்லை என்றும் அறிவிக்கின்றன. அதே அத்தியாயத்தின் 195ஆம் வசனம் நம் கையால் நம்மை அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுக்கிறது. அபூதாவூத் ஷரீபில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் சம்பவத்தைக் கேளுங்கள். பயணத்தில் ஒருவர் தலையில் கல் பட்டுக் காயமடைந்தார். இரவில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை ஏது என்றார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியபோது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கோபமுற்று, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக் கடிந்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்பதே அவர்கள் கேள்வி. 'நோன்பை விடாதே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று தாழ்சர்க்கரையில் நடுங்குகிறவரிடம் சொல்கிறவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை படிக்கட்டும்.

டாக்டர் முஸ்லிமல்லவே, அவர் பேச்சைக் கேட்டு நோன்பை விடலாமா என்று ஒரு சகோதரர் கேட்டார். நம் ஃபிக்ஹு நூல்களில் 'தேர்ந்த முஸ்லிம் மருத்துவர்' என்ற வாசகம் இருப்பது உண்மையே. அதே நூல்கள் நோயாளியின் சொந்த அனுபவத்தையும் ஆதாரமாக ஏற்கின்றன. ஒருமுறை தாழ்ந்து விழுந்தவருக்கு வேறு ஆதாரம் எதற்கு? ஹிஜ்ரத்தின்போது, உயிருக்கு விலை பேசப்பட்டிருந்த நேரத்தில், நம் பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமல்லர். நம்பகமானவர், வழி தெரிந்தவர், அவ்வளவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் ரத்தத்தைச் சோதித்து, நம் நன்மையைக் கருதிச் சொல்லும் டாக்டரின் வார்த்தையை இந்த அடிப்படையில் ஏற்கலாம் என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து. நம் கருத்தும் அதுவே.

அண்மையில் கடுமையாகச் சர்க்கரை தாழ்ந்தவர், தாழ்வதே தெரியாமல் மயங்குகிறவர், சிறுநீரகம் பழுதானவர், இன்சுலின் போடும் கர்ப்பிணி, இவர்கள் நோன்பைத் தொடங்கவே வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். இனி எப்போதுமே நோற்க இயலாது என்ற நிலையிலுள்ளவருக்கு ஃபித்யா. ஹனஃபி மத்ஹபில் ஒரு நோன்புக்கு ஸதகத்துல் ஃபித்ரின் அளவு, ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு 'முத்' தானியம். ஆனால் மார்கழி, தையில் பகல் சிறுத்திருக்கும்போது விட்டுவிட்டு நோற்க முடிகிறவர் களாச் செய்ய வேண்டும், ஃபித்யா கொடுத்து முடித்துக்கொள்ள முடியாது. இதில் கவனம் தேவை.

பெருநாள் காலையையும் சொல்லிவிடுகிறோம். ரமழான் முழுக்க இரவுக்கு மாறியிருந்த மாத்திரை அன்று பழைய நேரத்துக்குத் திரும்புகிறது. நோன்புப் பெருநாளில் தொழப் புறப்படுமுன் ஒற்றைப்படையாகப் பேரீத்தம்பழம் உண்பது சுன்னத்து. அதோடு இரண்டு இட்லியும் சேர்த்துச் சாப்பிட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டால் ஈத்காவில் நிம்மதியாக நிற்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளில் தொழுதுவிட்டு வந்து உண்பதே சுன்னத்து. அன்று அந்த முஸ்தஹப்பைப் பேண விரும்பும் சர்க்கரைக்காரர், மாத்திரையையும் தொழுகைக்குப் பின்னாலேயே வைத்துக்கொள்ளட்டும். குர்பானிக் கறி வெந்து வரும்வரை காத்திராமல், வந்ததும் வீட்டில் இருப்பதை உண்ணட்டும். அறுப்பு, பங்கீடு என்று பிற்பகல் இரண்டு மணிவரை வெயிலில் நிற்பவர்கள் நம் ஜமாஅத்தில் நிறைய இருக்கிறார்கள்.